வெந்நீர்க் குளத்து வாசல்

ஸ்ட்ரத்ஃபீல்ட், சிட்னி
6 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விரல்கள் மடங்காமல் வகுப்பில் சோக்குக் கட்டி பிடிக்கவே கஷ்டமாக இருக்கிறது என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெல்பன் குளிர் உங்களுக்கு ஒத்துவராது என்று அப்போதே சொன்னேன். கேட்டால் நீங்கள் நாகேஸ்வரி இல்லையே.

வைத்தியம் ஒன்று இருக்கிறது. வடக்கே, ரயிலில் ஒரு பகல் தூரத்தில், புலரூ என்று சின்ன ஊர். அங்கே நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் தானாகப் பொங்கி வருகிறது. நகரசபை அதைப் பெரிய குளங்களாகக் கட்டி விட்டிருக்கிறது. கிரேக்கக் கிழவர்களும் இத்தாலியக் கிழவிகளும் கழுத்தளவு தண்ணீரில் இருந்து ஊர்வம்பு பேசுகிறார்கள். ஈஸ்டருக்கு நாங்கள் போனபோது இவருடைய முதுகுப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசி விடுமுறைக்குத் திரும்பவும் போகிறோம். இவருடைய மனேஜர் ஹார்ட்லியும் மனைவியும் கூட வருகிறார்கள். மோட்டலில் உங்களுக்கும் அறை போட்டாயிற்று.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். குளத்துக்கு வரும்போது அந்த அரக்குக் காஞ்சிபுரத்தை உடுத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் தங்கச்சி,
ராணி


பூட்ஸ்கிரே, மெல்பன்
14 ஜூலை 1975

என் செல்லத் தங்கச்சி யோகராணிக்கு,

உன் வைத்தியத்தைப் படித்தேன். வெந்நீர் விளங்குகிறது. மோட்டல் விளங்குகிறது. குளிக்கப் போகிறவளுக்குக் காஞ்சிபுரம் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை.

யாரடி அவன்? மறைக்காமல் எழுது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து உனக்குக் கடிதம் போட்டிருக்கிறா, அப்படித்தானே? ஹார்ட்லி குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். அவர்களோடு வேறு யாரோ ஒரு சிலோன் எஞ்சினியரும் வருகிறார் போலிருக்கிறது. மனைவியை இழந்தவராகவும் இருக்கலாம். நாற்பத்தொரு வயதில் என்னை வெந்நீரில் ஊறப்போட்டுப் பெண் காட்டப் பார்க்கிறாயா? பாஸ்போர்ட் ஏன் என்றும் யோசித்துப் பார்த்தேன். நீ என் வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பாய், அவர்கள் சரிபார்க்கக் கேட்டிருப்பார்கள்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் நீ சின்ன வயதிலிருந்தே எதையாவது ஒளித்தால் கடிதத்தைக் கெதியில் முடித்துவிடுவாய். இந்த முறையும் அப்படித்தான் முடித்திருக்கிறாய்.

உன் அக்கா,
நாகேஸ்வரி


சிட்னி
20 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு,

மாப்பிள்ளையும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. அம்மா எனக்குப் போட்ட கடிதத்தில் இருந்ததெல்லாம் மிளகாய்த்தூள் பார்சல் கதைதான். உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

சேலை விஷயம் ஒன்றும் பெரிதல்ல. அது நாட்டுப்புறம். வாசலில் ரிக்கெட் கொடுக்கிறவனுக்கு நாம் யார் என்று பார்த்தவுடனே தெரிந்தால் வீண் கதை வராது. அவ்வளவுதான். உங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கைவலியோடு இருக்கிறவர் இதையெல்லாம் யோசிக்கலாமா?

ரயில் நேரம் எழுதி அனுப்புகிறேன்.

ராணி


மெல்பன்
29 ஜூலை 1975

அன்புள்ள ராணி,

மாப்பிள்ளை இல்லை என்பதை நம்புகிறேன். மாப்பிள்ளையாகவே இருந்திருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

என்னோடு சரித்திரம் படிப்பிக்கிற மார்கரெட் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள். புலரூவுக்குப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் குளத்தில் ஆதிவாசிகள் இறங்கக்கூடாது என்று முன்பு நகரசபையே விதி வைத்திருந்ததாம். "விதியை எடுத்துப்போட்டினம். வாசலிலை நிக்கிறவனை எடுக்கேல்லை" என்றாள்.

என் நிறம் உனக்குத் தெரியும். உன் நிறமும் எனக்குத் தெரியும். 'நாம் யார் என்று தெரிந்தால்' என்று எழுதியிருக்கிறாய். நாம் யார் இல்லை என்று தெரிய வேண்டும், அதுதானே கதை?

ஈஸ்டருக்கு அந்த வாசலில் என்ன நடந்தது? ஒளிக்காமல் எழுது.

அக்கா


சிட்னி
4 ஆகஸ்ட் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். ஈஸ்டருக்கு நான் கவுண்தான் போட்டிருந்தேன். வாசலில் நின்றவன் எங்களைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஆக்கள் நிரம்பீட்டினம்" என்றான். இவருக்கு விளங்கிவிட்டது. காரில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்துவந்து காட்டி, "நாங்கள் இந்த நாட்டு ஆக்கள் இல்லை, சிலோன்காரர். நான் எஞ்சினியர்" என்றார். அவன் சிரித்தான், கைகொடுத்தான், எங்கள் தேயிலையைப் புகழ்ந்தான், உள்ளே விட்டான். அடுத்த நாள் நானாகவே சேலை உடுத்தேன். அதன்பிறகு ஒரு கேள்வி இல்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஆதிவாசிப் பெண் பிள்ளைகளோடு நின்றாள். அவளிடமும் நிரம்பிவிட்டது என்று சொன்னான். எடுத்துக் காட்ட அவளிடம் பாஸ்போர்ட் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் அக்கா? நாங்கள் வந்து மூன்று வருடம். இவருக்கு இந்த வருடம் பதவி உயர்வு வர வேண்டும், அது ஹார்ட்லியின் கையில். உலகத்தை நான் திருத்த முடியாது. உங்கள் கைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். சண்டை பிடிக்காமல் வாருங்கள். தயவுசெய்து சேலையோடு வாருங்கள்.

ராணி


மெல்பன்
31 ஆகஸ்ட் 1975

யோகராணிக்கு,

வருகிறேன் என்று தந்தி அடித்தேன். எந்த உடுப்பில் என்று அடிக்கவில்லை.

மோட்டலுக்கு வந்தபோது நீங்கள் எல்லோரும் குளத்துக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள். பையை அங்கே வைத்துவிட்டு நடந்து வந்தேன். பள்ளிக்கூடம் போகிற சாம்பல் பாவாடை, கம்பளிச் சட்டை. சண்டை பிடிக்க வரவில்லை. ஒருவேளை மார்கரெட் சொன்னது பழைய கதையாக இருக்கலாம், நீ வீணாகப் பயப்படுகிறாய் என்று உனக்குக் காட்டலாம் என்றுகூட நினைத்தேன்.

அவன் என்னைப் பார்த்து, "இடமில்லை" என்றான். எனக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கு ரிக்கெட் கிழித்துக் கொடுத்தான். "இவைக்கு இடமிருக்கோ?" என்று கேட்டேன். அவன் என் தலைக்கு மேலால் ரோட்டைப் பார்த்தான்.

அப்போதுதான் கம்பி வேலிக்குள்ளால் உன்னைக் கண்டேன். குளத்தின் இந்தப் பக்கத்தில், ஹார்ட்லியின் மனைவியோடு தண்ணீருக்குள் இருந்தாய். நீயும் என்னைக் கண்டாய். "அக்கா" என்று கூப்பிட வேண்டாம், கையைத் தூக்கினால் போதும் என்று நின்றேன். நீ திரும்பி அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாய்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் பிள்ளைகளோடு ஒரு பெண் இருந்தாள். நீ ஈஸ்டருக்குக் கண்டவள்தானோ தெரியாது. "ஆத்துப் பக்கம் போங்கோ. தண்ணி குளிர்தான், ஆனா ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்" என்றாள். நன்றி சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு அன்றைய ரயிலிலேயே வந்துவிட்டேன்.

ராணி, நீ என்னைக் காணவில்லை என்று எழுதினால் நான் நம்பிவிடுவேன். அதனால் அப்படி எழுதாதே.

நாகேஸ்வரி


சிட்னி
17 செப்டம்பர் 1975

அக்கா,

உங்களைக் கண்டேன்.

ஹார்ட்லியின் மனைவி, "வாசலிலை ஆர் அது, உம்மையே பாத்துக்கொண்டு நிக்கிறா?" என்று கேட்டா. "தெரியாது" என்றேன். பிறகுதான் சிரித்தேன். பின்னேரம் இவரிடம் சொன்னபோது, "நல்ல காலம், கூப்பிடேல்லை" என்றார். அதைக் கேட்டபிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. மோட்டலுக்கு ஓடினேன். உங்கள் பை இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் தனியாகக் குளத்துக்குப் போனேன். வீட்டில் போடுகிற கவுண், கையில் ஒன்றுமில்லை. என்னையும் அவன் மறிக்கட்டும் என்று போனேன். அவன் என்னைத் தூரத்திலேயே கண்டு, "வாங்கோ மிஸிஸ் ராஜா, இண்டைக்கு அவர் வரேல்லையோ?" என்று கதவைத் திறந்தான். என்னால் அங்கே மறிபடக்கூட முடியவில்லை அக்கா.

"நேற்று நீர் திருப்பி அனுப்பினது என்ரை அக்காவை" என்றேன். அவன் முகம் உண்மையாகவே வாடிப்போனது. "ஐயோ, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. உங்கடை ஆள் எண்டால் நான் விட்டிருப்பனே" என்றான்.

"மற்ற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

ஹார்ட்லியின் மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "நேற்றுத் தெரியாதெண்டு சொன்னனீர்?" என்றா. "பொய் சொன்னனான்" என்றேன். அவ உள்ளே போய்விட்டா. நான் குளிக்காமல் திரும்பி வந்தேன். இவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பதவி உயர்வைப் பற்றி நானும் கேட்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் எழுத வேண்டும் என்று ஆசை. எழுதமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் நினைக்காததை எழுதுகிறவர் இல்லை.

ஒக்டோபர் தொழிலாளர் விடுமுறைக்கு நான் மெல்பனுக்கு வருகிறேன், தனியாக. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். விலாசம் இருக்கிறது, விசாரித்து வந்துவிடுவேன். வந்து கதவைத் தட்டுவேன். யார் என்று கேட்டால், நாகேஸ்வரியின் தங்கச்சி என்று உங்கள் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவேன். அதற்குப் பிறகு திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

யோகராணி