படுகளத்தில் சுகந்தினி

திருப்புலிவனம்
16-6-1985

மன்னாரில் இருக்கும் தவமணி அக்காவுக்கு, முகமறியாத தங்கை சுலோச்சனா எழுதிக்கொள்வது. புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் மகள் சுகந்தினி நலமாக இருக்கிறாள். இப்போது பேசுகிறாள்.

அகதிகளைத் தங்கவைத்திருக்கும் நெல் குடோனுக்கு எதிர்வீடு எங்களுடையது. உங்கள் அண்ணனோடு வந்ததிலிருந்து இவள் வாயே திறக்கவில்லை. வலது கையை மூடியே வைத்திருப்பாள். படகு கவிழ்ந்து தம்பி நிமலனைக் கடல் கொண்டுபோனதை உங்கள் அண்ணன் உங்களுக்கு எழுதியிருப்பார்; அவன் அந்தக் கையிலிருந்துதான் நழுவினான் என்று என்னிடம் சொன்னார். டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். நானும் தின்னக் கொடுத்தே தேற்றிவிடலாம் என்று அடையும் அதிரசமுமாகச் சுட்டுத் தள்ளினேன். சாப்பிட்டாள், பேசத்தான் இல்லை.

போன மாதம் எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா. மனசு மாறட்டும் என்று கடைசி நாள் படுகளத்துக்கு அழைத்துப்போனேன். அன்றைக்குப் பையன்கள் சிலர் போரில் செத்தவர்களாகக் களத்தில் படுத்திருப்பார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தால்தான் எழவேண்டும். ஊருக்கே தெரிந்ததுதானே என்று அதை இவளுக்குச் சொல்லாமல் விட்டேன், என் புத்தியை என்ன சொல்ல! துணி போர்த்திக் கிடந்தவர்களைக் கண்டதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அங்கே படுத்திருந்த எங்கள் தெரு வேதகிரி மகனின் கையைப் பிடித்து இழுத்து, "எழும்படா தம்பி, வீட்ட போவம்" என்று கத்தினாள். அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

சாங்கியம் கெட்டுப்போச்சு என்று நாலு பேர் பாய்ந்தார்கள். பூசாரி தாண்டவராயன்தான் தடுத்து, "வுடுங்கடா, பேஜார் பண்ணாதீங்க. அக்கா கூப்புடுது, எயுந்துக்கட்டும்" என்றார். அவனும் எழுந்தான். முகத்தைப் பார்த்தாள். நிமலன் இல்லை. அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்து ஒப்பாரி வைக்கும் காந்தாரியோடு அழ வந்திருந்த நாங்கள், இவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதோம்.

குடோனில் தூக்கத்தில் அலறும் சின்னப் பிள்ளைகளை இப்போது இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பயப்படாதே என்று சொல்வதில்லை. "என்ன கண்டனீ, சொல்லு" என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை கையை விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதினைந்து வயசில் இவ்வளவு தைரியமா என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள் அக்கா!

ஆனால் உங்களுக்கு எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். தனியாக இருக்கும்போது அந்தக் கை இன்னும் மூடிக்கொள்கிறது. நேற்று என்னிடம், "அம்மாவுக்கு என்னில கோவமோ?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். நான் சொன்னால் போதுமா? உன்மேல் தப்பில்லை மகளே என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நீங்கள் பத்திரமாக இங்கே வந்து சேர அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அந்த வரி வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளை என் மகளாக நினைக்கும்
சுலோச்சனா