பதினாறு கிலோமீட்டர் பந்தயம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சௌக்கியமா? இங்கே என் இடது குதிகால் ஒன்றைத் தவிர நானும் உன் அப்பாவும் முழுசாக நலம். அந்தக் குதிகால் கதைக்குத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் அவர் நடுவிலேயே பிடுங்கிக்கொள்வார்.

எங்களை உன்னோடு வந்து இருக்கச் சொல்லி நீ சண்டை போட்டபோது, நடைக்குழுவோடு பாலத்திலிருந்து படகுத்துறை வரை பதினாறு கிலோமீட்டரும் நடந்து முடித்தால் இங்கேயே இருப்போம், முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம் என்று உன் அப்பா வீராப்பாகச் சொன்னாரே, அந்த நடை சனிக்கிழமை நடந்தது. பதினோரு பேர். வழிகாட்டி, ரிட்டயரான ஒரு டிரில் மாஸ்டர். காலையில் ஆற்றோரம் காற்றும் நாணலுமாக நன்றாகத்தான் இருந்தது, உன் அப்பா டிரில் மாஸ்டரையே முந்திக்கொண்டு போனார். மதியம் பாதை ஆலைகள் பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் பழைய இரும்புக் குவியல், மறுபக்கம் சாயத் தண்ணீர்க் கால்வாய், மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அப்பா வேலை பார்த்த காகித ஆலை வாசலுக்கு நாங்கள் வரவும் இரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், சங்கு காதில் விழுந்ததும் மனுஷர் நடையை எட்டிப் போட்டு ஷிப்டு ஆட்களோடு நேரே கேட்டுக்குள் போய்விட்டார். முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தே நடக்கிற கூட்டம், நாங்களும் பின்னாலேயே போய்விட்டோம். வாட்ச்மேன் புதுசு. டிரில் மாஸ்டரின் தொப்பியையும் விசிலையும் பார்த்து, சோதனைக்கு வந்த அதிகாரிகள் என்று ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டான். மேனேஜரும் புதுசு, அவரும் ஓடி வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பாய்லர் அறையில் நின்று, இந்த வால்வு இன்னுமா கசியுது என்று அதட்ட, மேனேஜர் வியர்த்துப்போய் நாளைக்கே மாற்றுகிறேன் என்றார். டீ, பிஸ்கட் எல்லாம் வந்தது. பிஸ்கட் தீர்ந்த பிறகுதான் டிரில் மாஸ்டர் மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னார், எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள், மரியாதையோடு என்று சொல்ல முடியாது.

அங்கே ஏறி இறங்கின இரும்புப் படிகளும், நீ அனுப்பின ஷூவும் சேர்ந்து (ஓர் அளவு சின்னதுதான், வருத்தப்படாதே) என் குதிகாலைக் கொப்புளமாக்கிவிட்டன. படகுத்துறைக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர், என்னால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டு, நீங்க நடந்து முடிச்சுட்டு வாங்க, பந்தயம் உங்களோடதுதானே என்றேன். அவர் பாதையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டார். ஏறினதும் ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று சண்டை வேறு.

பந்தயம் தோற்றாயிற்று, சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை அவர். நேற்று பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் பக்கத்தில் இருக்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, கண்ணு. ஆனால் என் கொப்புளத்துக்காகத் தோற்ற மனுஷரை ஊரைவிட்டுக் கிளப்ப எனக்கு மனசு வரவில்லை. அடுத்த தடவை போனில், தோத்துட்டேன் என்று அவரே ஆரம்பிப்பார். நீ, எந்தப் பந்தயம்ப்பா என்று கேட்டுவிடு. சிரித்துத் தொலைக்காதே, கண்டுபிடித்துவிடுவார்.

மாப்பிள்ளைக்கும் வாண்டுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீ நேரத்துக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போட மறக்காதே.

இப்படிக்கு,
பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றக் காத்திருக்கும்
உன் அம்மா