வரவேற்பறைப் பலகையும் கறிவேப்பிலையும்

12.8.2003, செவ்வாய்

ஆபீஸ் வரவேற்பறைப் பலகையில் தினமும் நான்தான் எழுதுகிறேன்: ஓர் ஆங்கிலச் சொல், ஒரு பொன்மொழி, வரலாற்றில் இன்று. காலையில் மேனேஜர், "யாரும்மா அதைப் படிக்கிறாங்க? மாசக் கடைசியோட எடுத்துடுங்க" என்றார். எரிச்சலில், வரலாற்றில் இன்று என்பதன் கீழே, 'செல்வி இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள்' என்று எழுதிவிட்டேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இன்றைய சொல் 'லேனியாப்'. கடைக்காரர் வாங்கிய பொருளோடு சும்மா சேர்த்துக் கொடுப்பது என்று அர்த்தமும் போட்டிருந்தேன்.

சாயங்காலம் செக்யூரிட்டி முருகேசன் அண்ணன் தன் காய்கறிப் பையிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"மூணு வருஷம் ஆயிடுச்சாமே மேடம். இந்தாங்க லேனியாப். நம்ம கொசுறுதானே அது?"

ராத்திரி ரசத்துக்கு அதைத்தான் தாளித்தேன். நாளைக்குக் கொஞ்சம் கடினமான சொல்லாகவே எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் படிப்பார்.