நான் சொன்ன பொய்

அன்புள்ள அண்ணை,

எஸ்பியர்க் நகரத்துக் கலியாண வீட்டில் என்னைக் கண்டும் முகத்தைத் திருப்பினீர்கள். "கூடப் பிறந்தவளே என்னைக் காட்டிக்குடுத்திட்டாள்" என்று எல்லோரிடமும் சொன்னீர்களாம்.

நான் வேலைசெய்யும் எண்ணெய் ஆலைக்காக, கடுகு மாதிரியான அந்தப் புது வகை ராப்ஸ் எண்ணெய்வித்தை நீங்கள் விதைக்குமுன், உங்கள் வயலுக்கே வந்து கேட்டேன்.

"இதிலை முந்திச் சாதாரண ராப்ஸ் போட்டனீங்களோ?"

"இல்லையடி பிள்ளை, பார்லி மட்டும்தான்."

உங்களை நம்பி, வயல் சுத்தம் என்று கையெழுத்து வைத்தேன்.

மண்ணுக்குள் கிடந்த பழைய சாதாரண ராப்ஸ் விதைகளும் முளைத்துக் கலந்துவிட்டன. இதயத்துக்கு நல்ல எண்ணெய் என்று விற்கவேண்டியது அது. உங்கள் அறுவடையைப் பரிசோதித்தவள் நான்; கலப்பு அளவுக்கு மிஞ்சியிருந்தது. "ஒரு இலக்கத்தை மாத்தினா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றீர்கள். நான் மாற்றவில்லை. உங்கள் அறுவடை முழுவதும் திரும்பி வந்தது. அதற்காக ஏசுங்கள், சரி.

ஆனால் வயலைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஆலையில் என்னை விசாரித்தார்கள். உண்மையைச் சொன்னால் இனி ஒருவரும் உங்களிடம் பயிர் வாங்கமாட்டார்கள். "நான் கேட்க மறந்துவிட்டேன்" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இதை அண்ணிக்குக்கூட நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும்.

இப்படிக்கு,
உங்களைக் காட்டிக்கொடுத்த தங்கை