அவனை யாழ்ப்பாணத்தான் ஆக்கியது நான்தான்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஜூன் 15

அன்பு மகள் மேனுஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகன் நிஷாந்தனும் குழந்தை தாரகாவும் வெலிங்டன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறையில்லை, சீனி அளவோடு நிற்கிறது, முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முறைக்கிறது. வீடுதான் பெரிதாகிவிட்டது. அம்மா போய் வருகிற ஒக்டோபரோடு இரண்டு வருடம், இன்னும் எனக்கு ஒரு ஆளுக்கு அரிசி போடத் தெரியவில்லை, மிஞ்சியதை மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பிடுகிறேன். சில கிழமைகளில் நான் வாய் திறந்து கதைப்பது பஸ் டிரைவரோடும் மருந்துக்கடைப் பிள்ளையோடும்தான். நடிக்கக் கூப்பிட ஏஜென்ட் போன் எடுப்பதே இல்லை, எடுத்தாலும் தாத்தா வேடம், கட்டிலில் படுத்திருக்க வேண்டும், வசனம் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருகிறாய், அது போதாதா, ஏன் இந்த மனிதன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு நடிக்க வந்துவிடும் மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

பழசிலிருந்து சொன்னால்தான் விளங்கும், உனக்குத் தெரிந்த கதையாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வாசி. எண்பத்து நாலில் நான் இங்கே வந்தது எஞ்சினியரிங் படிக்க. படிப்பு பாதியில் நின்றது, ஊருக்குத் திரும்ப வழியில்லை. பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பக்கத்து மண்டபத்தில் நாடகம் பழக்கினார்கள், ஹீட்டர் போட்ட இடம் என்பதற்காகத்தான் முதலில் அங்கே போய்க் குந்தினேன். நாடகம் மேடையேறிய நாளில் ஒரு ஆள் குறைந்துபோக என்னை எழுப்பி வேலைக்காரனாக நிறுத்தினார்கள். “கடிதம் வந்திருக்கிறது ஐயா” என்று ஒரே வசனம். சொன்னதும் அறுபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை இந்த ஊரில் என்னை யாரும் பார்த்ததில்லை, பார்த்தாலும் விலகிப் போவதற்காகத்தான் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பிறகு மாலை வகுப்பு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வேனில் போய் ஆடிய நாடகங்கள், ஸ்ரீஸ்கந்தராஜா என்ற பெயரை வெட்டி ஸ்கந்த ராஜ் ஆனது எல்லாம் நடந்தது. டெலிவிஷனில் மூன்று தரம் கடைக்காரனாக வந்து மூன்று தரமும் கொள்ளைக்காரனிடம் துப்பாக்கிச் சூடு வாங்கினேன். ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் நாலு வருடம் டாக்டர். ஒரு பெரிய தியேட்டரில் பழைய கிரேக்க நாடகத்துத் தூதனாக ஒன்பது நிமிடம் தனியே நின்று பேசினேன், அன்றைக்கு நீ அம்மாவின் வயிற்றில் இருந்தாய். அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே மற்றவர்களின் வசனத்தை வாசிப்பாள், நான் என்னுடையதைச் சொல்வேன், அப்படித்தான் எல்லா வேடமும் மனப்பாடமானது. ஆனால் எங்கே போனாலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது தலையை ஆட்டிக்கொண்டு பேசுகிற ஒரு இந்திய இங்கிலீஷ். அதை எனக்குப் பழக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக்கூட வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் மேடையிலும் கமராவுக்கு முன்னாலும் நான் பேசியது வேறு யாருடைய பேச்சோ.

இரண்டாயிரத்து ஏழில் அந்த மூன்று பகுதி நாடகம் வந்தது, உனக்கு அப்போது பதினான்கு வயது. பெட்ரோல் செட்டில் வேலை செய்துகொண்டு வாடிக்கையாளர்களின் வங்கி அட்டைகளைக் களவாகப் பிரதி எடுக்கிற ஒரு யாழ்ப்பாணத்தான், அவனாக நடித்தது நான். அது ஒளிபரப்பான கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே ஹை ஸ்ட்ரீட்டில் எத்தனையோ வருடம் மரக்கறி வாங்கிய கடையில் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்கள். கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி அங்கால் போய் இருந்தார்கள். நாட்டில் சண்டை நடக்கிற நேரம், இங்கே எங்கள் ஆட்களை ஏற்கெனவே ஒரு மாதிரிப் பார்க்கிற நேரம், அந்த நேரத்தில் நான் போய் எங்கள் இனத்தைக் கள்ளர் என்று காட்டினேன் என்று ரேடியோவில் பேசினார்கள். தவராசா மாமாவின் பெட்ரோல் செட்டில் சனம் அட்டையை நீட்டப் பயந்தது, யாரோ கதவில் கள்ளர் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். மாமா போன் எடுத்து, “அத்தான், அவனை ஏன் எங்கடை ஆளாய்க் காட்டினவை?” என்று கேட்டார். நான் சொன்னேன், “நான் என்ன செய்யிறது தவராசா, கையெழுத்து வைச்சாப் பிறகு அவைதான் மாத்தினவை. மாட்டன் எண்டால் கேஸ் போடுவினம்.” நீ படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அதையே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, நம்பாத ஒரு பிள்ளையோடு அடிபட்டு, உதடு வெடித்து வந்தாய். அந்த வருடம்தான் உன் அரங்கேற்றம். முந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தோம், எண்பது பேர்கூட வரவில்லை. நீ வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் ஆடினாய். வீட்டுக்கு வரும்போது காரில் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, “அது உங்கடை பிழை இல்லை அப்பா” என்றாய்.

அது என் பிழைதான் மகள். யாரும் எதையும் மாற்றவில்லை. அவர்கள் எழுதியிருந்தது ராஜ் என்று ஒருவன், எந்த நாடு என்றே இல்லை. முதல்நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து வாசித்தபோது மெலனி என்கிற அந்த டைரக்டர் என்னைப் பார்த்து, இவன் எந்த ஊர்க்காரனாக இருப்பான் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணம் என்றேன். அதோடு நிற்கவில்லை. இவன் ஊரிலிருக்கிற தாய்க்குப் போன் எடுக்கிற மாதிரி ஒரு காட்சி வைப்போம், அதை நான் தமிழில் பேசுகிறேன் என்று நானே கேட்டேன். ஸ்கிரிப்ட் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதினேன். கந்தோரில் வேலை, நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இல்லை அம்மா என்று அவன் பொய் சொல்கிறான், ஒன்றரை நிமிடம். அதை எடுத்த நாளில் ஒரு சொல் விளங்காமலே லைட் பிடித்தவன் கண்ணைத் துடைத்தான். என் வாயால் என் பேச்சு வந்த சந்தோஷத்தில் அது யாருடைய தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கவில்லை என்பதுகூடப் பொய், கார் நிறுத்துமிடத்தில் ஒரு நிமிடம் தவராசாவின் முகம் வந்தது, தள்ளிவிட்டேன். அந்தக் காட்சிக்காக எனக்குப் பரிசும் கிடைத்தது.

இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், மார்ச் மாதம் தனுஷியா என்று ஒரு பிள்ளை வந்தாள். இங்கே நடித்த தமிழர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள், நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மெலனியைச் சந்தித்திருக்கிறாள். “அங்கிள், அந்தப் பாத்திரத்தைத் தமிழர் ஆக்கினது உங்கடை ஐடியாவாம், அவ சரியாப் புகழ்ந்தவ” என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் ஓம் என்றேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், வேண்டாமென்றால் வெட்டிவிடுகிறேன் என்றாள். அம்மாவும் இல்லை, இனி யாருக்கு ஒளிக்க என்று, இருக்கட்டும் என்றேன். ஓகஸ்டில் புத்தகமாக வருகிறது. நீ அதை இன்டர்நெட்டில் வாசித்து அறியக்கூடாது.

முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிறு மத்தியானம் டூட்டிங் போனேன். நாடகம் வந்த அடுத்த வருடமே பெட்ரோல் செட்டை விற்றவர், அதன்பின் என்னோடு கதைத்ததில்லை, அம்மாவின் செத்தவீட்டில்கூட அந்தக் கரையில்தான் நின்றார். மணி அடிக்க அவர்தான் திறந்தார், நன்றாக இளைத்துப் போனார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “எனக்குத் தெரியும் அத்தான். அக்கா சொன்னவ” என்றார். எந்த அக்கா என்று கேட்டேன் மகள், அவருக்கு இருந்தது ஒரே அக்கா, உன் அம்மா. “செட்டை வித்த அண்டைக்கு வந்து சொல்லி அழுதவ. ஸ்கிரிப்டுக்குப் பின்பக்கத்திலை நீங்கள் எழுதினதைக் கண்டவவாம். ஏன் மனிசனைக் கேக்கேல்லை எண்டு நான் ஏசினனான். அவராய்ச் சொல்லட்டும், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டவ. கடைசியா ஆஸ்பத்திரியிலையும் கேட்டனான், அத்தான் சொன்னவரோ எண்டு. இல்லை எண்டு தலையை ஆட்டினவ.” பிறகு, “அவவுக்குச் சொல்லியிருக்கலாம். இப்ப எனக்குச் சொல்லி என்ன” என்று கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மெதுவாகத்தான் சாத்தினார்.

பதினாறு வருடம். நாடகம் வந்த வருடத்தோடு அவள் எனக்கு வசனம் வாசித்துத் தருவதை விட்டாள், எழுத்துப் பொடியாக இருக்கிறது என்றாள், நான் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். வீடு முழுக்கத் தூசி தட்டுகிறவள் அந்தப் பரிசை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை, மறதி என்று நினைத்தேன். சில நாட்களில் தேத்தண்ணியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் சும்மா இருப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள். அப்போதெல்லாம் அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, அவளுக்குப் பேச்சு மங்கிய பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துப் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

அன்றைக்கு டூட்டிங்கில் ஸ்டேஷனுக்குள் இறங்க மனம் வரவில்லை, பஸ் தரிப்பில் போய் இருந்தேன். ஒரு வயதான வெள்ளைக்காரி பக்கத்தில் வந்து இருந்து, நீங்கள் அந்த டாக்டர்தானே, எல்லாம் சுகமாகிவிடும் என்று நோயாளிகளிடம் எவ்வளவு அழகாகச் சொல்வீர்கள், எனக்கும் ஒருதரம் சொல்லுங்கள் என்றாள், அவளுக்கு ஏதோ ஒப்பரேஷன் வருகிறதாம். அந்தக் குரலிலேயே சொன்னேன். சந்தோஷமாகப் போனாள். பிறகு நான்கு பஸ்ஸைப் போகவிட்டு அங்கேயே இருந்தேன்.

இனி உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது, ஒரு கிழமையாக என்னைத் தின்கிறது. நீ இருபத்தைந்து வயதில், வேலை கிடைத்தது என்று சொல்லி உலகத்தின் அந்தக் கோடிக்குப் புறப்பட்டாய். இங்கேயும் வேலை இருந்தது. ஹீத்ரோவில் உள்ளே போகிற வாசலில் நின்று, “அப்பா, எனக்கு ஏதும் சொல்ல இருக்கோ?” என்று கேட்டாய். நான் சுவெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொள், பிளேனில் குளிரும் என்றேன். நீ சுவெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாய். அம்மா உனக்கும் சொன்னாளா? அன்றைக்கு நீ கேட்டது இதைத்தானா? அப்படியென்றால் நீயும் ஏழு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீடியோவில் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். மகள், அது என் யோசனை. நான்தான் சொன்னேன், நான்தான் எழுதினேன், உன்னையும் மாமாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு நான்தான் பொய் சொன்னேன். அம்மாவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை உனக்கு எழுதுகிறேன். நீ ஏசு. ஏசாமல் சும்மா இருக்க மட்டும் பழகாதே, அது உன் அம்மாவின் குணம், அது எங்கள் இரண்டு பேரையும் தின்றுவிட்டது.

நீயும் நிஷாந்தனும் எதையும் ஒளிக்காமல் கதைத்துப் பேசி ஒற்றுமையாக வாழவும், குழந்தை தாரகா நிறைந்த ஆயுளோடு வளரவும் அந்தத் தாய் துணை நிற்கட்டும். குழந்தையின் இருமலுக்கு நெஞ்சில் எண்ணெய் பூசி விடு, ஈரத் தலையோடு வெளியே விடாதே. உன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது, மறவாமல் புதுப்பி. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தபின் வருகிற ஞாயிறு நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருப்பேன். எடுக்க மனமில்லை என்றால் எடுக்க வேண்டாம். நான் இருப்பேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
க. ஸ்ரீஸ்கந்தராஜா