வண்டி ஆறுறதுக்குள்ள

ஏங்க,

நீங்க குளிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் வேலைக்குக் கிளம்பிட்டேன், பஸ்ல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். அது ஆறினாப் பரவாயில்ல, கார் ஆறக்கூடாது. வெயில்ல நல்லா ஓட்டிட்டு வந்து இப்பத்தான் நிறுத்தினேன். சாவி ஃப்ரிட்ஜ் மேல.

வண்டி இழுக்கலன்னு நான் சொன்னதுக்கு, ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியைக் காலையில தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு, "வண்டி ஜம்முனு இருக்கு, உன் மிதிதான் சரியில்ல"ன்னு தீர்ப்புச் சொன்ன மகராசன் நீங்க. காய்ச்சல் விட்ட பிறகு நாடி பார்க்குற டாக்டர்! அதை உங்க அம்மாகிட்டயும் போன்ல ஒப்பிச்சாச்சு.

சூடேறினாத்தான் அது மேட்டுல திணறும். பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ள பெட்ரோல்ல மூழ்கி இருந்தாத்தான் குளிர்ச்சியா இருக்கும். நீங்க எப்பவும் டேங்கைக் காயப் போட்டே ஓட்டுறீங்க. பம்பு கொதிச்சுப்போய், மேடேற டர்போ கூடுதலா கேக்குற நேரத்துல பெட்ரோல் தள்ள முடியாம படுத்துடுது.

உடனே கிளம்பி, ஸ்டேஷன்ல இருந்து அத்தையைக் கூட்டிட்டு மேம்பாலம் வழியா வாங்க.

தண்ணி பாட்டில் கார்லயே இருக்கு. அத்தைக்கு மட்டும்.

இன்னொண்ணு: அத்தையை முன் சீட்டுல உட்கார வைங்க. வண்டி திணறும்போது பெடல் மேல யார் கால் இருக்குன்னு அவங்களே குனிஞ்சு பார்க்கட்டும்.