ஐம்பது வருடக் கசடு

நியூசிலாந்து

அன்புள்ள ரெனிதாவுக்கு,

நான் சுகம். நீயும் ரியாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். பட்டாபிராமில் மழையாமே. ஈரத்தில் உனக்கு இழுப்பு வரும், மருந்தை விட்டுவிடாதே.

ஃபோனில் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் அடி இல்லை. எங்கள் ஒர்க்ஷாப்பில் முதலாளியின் பழைய விமானம் ஒன்று இருக்கிறது, அதன் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ஐம்பது வருடம் சாதா ஆயிலிலேயே ஓடி, உள்ளே கசடு தார் மாதிரி படிந்திருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, யாரையும் கேட்காமல், அழுக்கை இளக்கும் புது ஆயிலை ஊற்றிவிட்டேன். மொத்தக் கசடும் பெயர்ந்து வந்து ஆயில் சல்லடையை அடைத்துவிட்டது. தரையில் ஓட்டிப் பார்க்கும்போதே ஆயில் பிரஷர் விழுந்தது, நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன் மகளோடு அதில் பறப்பதாக இருந்தார். அவளுக்கும் நம் ரியா வயதுதான்.

"மாமே, நீ ஊத்துனத யாரும் பாக்கல. எஞ்சின் அதுவா பூட்ச்சுன்னு சொல்லிக்கலாம், கம்முனு இரு" என்றான் கூட வேலை செய்யும் கள்ளிக்குப்பத்து ஆனந்தன். என்னால் முடியவில்லை, முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் டூல் பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டார். இப்போது பாகங்களைத் துடைப்பது மட்டும்தான் என் வேலை.

இங்கே கிடைக்கும் துணியில் நூல் உதிர்கிறது. உன் பழைய பருத்திச் சேலை இரண்டு அனுப்பு.

வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். சேலையில் ஒன்றை மட்டும் துவைக்காமல் அனுப்பு. அது எஞ்சினுக்கு இல்லை.

ஜெர்வின்